இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள்

இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மாத்திரைப் பையைத்தான். வீட்டில் போடுவது எதுவானாலும், கடையில் நீங்களாக வாங்கிய சத்து மாத்திரை உட்பட, நர்ஸான என் கண்ணில் காட்டிவிடுங்கள்.

போன மாதம் ஓர் அம்மா மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். இரும்புச்சத்து அட்டை, ஜிங்க் என்ற துத்தநாகச்சத்து மாத்திரை, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செலினியம் என்ற தாதுச்சத்து டப்பா. இரண்டு மாதம் இரும்புச்சத்து போட்டும் ஹீமோகுளோபின் 9-லேயே நின்றது.

"எப்போம்மா போடுவீங்க?"

"காலையில காபியோடதான்."

காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். வயிற்றைப் பிரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், நிறுத்தத்தான் வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் முன்பே திரவம் நிரப்பியிருப்பார்கள். உங்கள் ரத்தம் அதோடு கலந்து நீர்த்துப்போகும். ஏற்கெனவே ரத்தம் குறைவென்றால் வெளி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டுவது) இரண்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நாள் நெருங்கிவிட்டதா? மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று அவர் முடிவு செய்வார்.

செலினியம் டப்பாவை மூடி வைக்கச் சொன்னேன். ஆபரேஷனில் ரத்தத்தில் செலினியம் குறைவது உண்மைதான். ஆனால் ஜெர்மனியிலும் கனடாவிலும் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 1400 பேரை வைத்து, பாதிப் பேருக்கு நரம்பு வழியாக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவில் உயிரிழப்போ உறுப்புப் பாதிப்போ குறையவில்லை. ஜிங்க்கும் அப்படியே, டாக்டர் சொல்லாமல் வேண்டாம். நிறைய நாள் அதிகமாகப் போட்டால் தாமிரச்சத்து குறையும், அதனாலும் ரத்தசோகை வரும்.

அப்புறம், இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் ரத்தக்கசிவாக இருக்கலாம். குறிப்பாக ஆஸ்பிரின் போடுபவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.