பலூன் கதீட்டர் கையேட்டிலிருந்து ஜப்பானிய தெம்பு புன்ஷோ வரை: புதியவர்களுக்கு

ஆங்கிலக் கையேட்டின் முதல் வரியிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். ஜப்பானில் மருத்துவக் கருவிக்கு எழுதும் ‘தெம்பு புன்ஷோ’வில் (கருவிக்கான பயன்பாட்டு, எச்சரிக்கைக் குறிப்பு) தலைப்புகளும் அவற்றின் வரிசையும் முன்பே வகுக்கப்பட்டவை. 2021 ஆகஸ்ட் முதல் பெரும்பாலும் இணைய வழியில்தான் தருகிறார்கள், சட்டத்தில் அதன் பெயரும் மாறிவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் இன்னும் தெம்பு புன்ஷோ என்றே சொல்கிறார்கள். கையேட்டின் ஒவ்வொரு வாக்கியமும் அதில் எந்தத் தலைப்புக்குக் கீழே உட்காரும் என்று பார்ப்பதே பாதி வேலை.

முதல் படி: ஒப்புதல் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் பலூன் கதீட்டர் 4ஆம் வகுப்பு, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. ‘ஷோனின்’ என்ற ஒப்புதல் இல்லாமல் அதை விற்க முடியாது. பயன்பாட்டு நோக்கத்தை நீங்கள் மொழிபெயர்க்கவே கூடாது. ஒப்புதலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்து வையுங்கள். அமெரிக்கக் கையேட்டில் ஸ்டென்டை விரிக்கவும் பயன்படும் என்றிருந்து, ஜப்பானிய ஒப்புதலில் அது இல்லையென்றால், அந்த வரியை விட்டுவிட்டு வாடிக்கையாளருக்குக் குறிப்பு எழுதுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு வரி கூடிப்போனாலும் ஒப்புதலுக்கு வெளியே உள்ள பயன்பாட்டைச் சொன்னதாகிவிடும்.

அடுத்து எச்சரிக்கைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கெய்கோகு’ (கடும் எச்சரிக்கை) சிவப்புக் கட்டத்துக்குள் சிவப்பு எழுத்தில் வரும். ‘கின்கி, கின்ஷி’ சிவப்புக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் வரும். எந்த நோயாளிக்குக் கூடாது என்பது கின்கி, எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பது கின்ஷி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவியென்றால் ‘மறுபயன்பாடு கூடாது’ என்பதும் இந்தக் கட்டத்துக்குள்தான். வாக்கியம் ‘ஷினாய் கோதோ’ (செய்யக் கூடாது) என்று முடியட்டும். ‘ஷினாய்தே குதாசாய்’ (தயவுசெய்து செய்யாதீர்கள்) என்ற கெஞ்சல் தொனி மருத்துவருக்கான ஆவணத்தில் பொருந்தாது.

‘மே’ (may) என்ற ஆங்கிலச் சொல்லிடம் கவனம். ‘பலூன் கிழியலாம்’ என்பது ஆபத்து, ஆகவே ‘ஒசொரே கா ஆரு’. ‘மருத்துவர் வேறு வயரைப் பயன்படுத்தலாம்’ என்பது அனுமதி, ஆகவே ‘ஷிதெமோ யோய்’. இரண்டும் தமிழில் ‘லாம்’ என்றே முடிவதால் நமக்கு இந்தக் குழப்பம் எளிதில் வரும். மற்றபடி வினை கடைசியில் வரும் ஜப்பானிய வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான்.

இடர் மேலாண்மைக் கோப்பும் சேர்ந்து வந்தால், ஜே.ஐ.எஸ். டி 14971 (JIS T 14971) என்ற ஜப்பானியத் தரநிலையின் சொற்களையே பிடித்துக்கொள்ளுங்கள். தீங்கு ‘கிகாய்’, தீங்கு வரக்கூடிய மூலம் ‘ஹஸாதோ’, ஆபத்தான நிலை ‘கிகென் ஜோதாய்’. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

கடைசியாக எண்கள். 14 ஏ.டி.எம். (வளிமண்டல அழுத்த அலகு) என்பது 1,419 கிலோபாஸ்கல், 14 பார் என்றால் 1,400. அட்டவணையில் 1,400 என்று கண்டால் மூலத்தின் அலகைத் திரும்பப் பாருங்கள். ஜெர்மன் கோப்பில் 2,5 மில்லிமீட்டர் என்றிருப்பது ஜப்பானியத்தில் 2.5 ஆக வேண்டும். காற்புள்ளியை அப்படியே விட்டால் அங்கே அது ஆயிரப் பிரிப்புக் குறி. எண்களை மட்டும் வரிசையாகப் படித்து, இன்னொருவரை மூலத்தில் டிக் செய்யச் சொல்லுங்கள்.