நுரையீரல்ல பூஞ்சை: வோரிகோனசோல் மாத்திரைய வீட்டுல எப்படி கொடுக்கணும்

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ போய்க்கிட்டிருந்தப்ப காய்ச்சல் விடவே இல்ல, ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி போட்டும் கேக்கல, கடைசில சிடி ஸ்கேன் பாத்து, மூச்சுக்குழாய்ல கேமரா விட்டு எடுத்த தண்ணில கேலக்டோமன்னன் டெஸ்ட் (பூஞ்சையோட சுவர்லேர்ந்து வர்ற ஒரு பொருள் இருக்கான்னு பாக்கறது) பண்ணித்தான் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைன்னு சொன்னாங்க, அதுக்குத்தான் வோரிகோனசோல் கொடுத்தாங்க. எந்தப் பூஞ்சைன்னு கேட்டு வச்சுக்கோங்க. 2021ல கருப்பு பூஞ்சைன்னு சொன்னாங்களே மியூக்கர், அதுக்கு இந்த வோரிகோனசோல் வேலையே செய்யாது, ஆம்போடெரிசின்தான் முக்கிய மருந்து.

முதல்ல ட்ரிப்ல ஏத்துவாங்க, தேறினதும் மாத்திரை, பெரியவங்களுக்கு பெரும்பாலும் 200 மில்லிகிராம் காலையும் ராத்திரியும், அளவு டாக்டர் சொல்றதுதான். இத சாப்பாட்டோட கொடுத்தா உடம்புல சரியா ஏறாது. சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்லன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு கொடுக்கணும். நான் காலைல 7க்கும் ராத்திரி 7க்கும் போன்ல அலாரம் வச்சேன், இட்லி 8 மணிக்குத்தான், அப்பா பசிக்குதுன்னு தட்ட எடுத்து வச்சு உக்காந்திருப்பாரு, பாக்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா விட்டுக்கொடுக்கல.

அஞ்சாறு நாள்ல ரத்தத்துல மருந்து அளவு பாக்கச் சொல்லி கேளுங்க. காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கணும். பொதுவா லிட்டருக்கு 1லேர்ந்து 5.5 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது. ஒரே டோஸ் ஒருத்தருக்கு பத்தாம போகும், இன்னொருத்தருக்கு ஓவராயிடும், அதனால காசு பாத்து இந்த டெஸ்ட விட்டுடாதீங்க. லிவர் டெஸ்டும் கூடவே பாக்கணும்.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல அப்பா "டியூப்லைட் ஏன்டா இப்படி கண்ணு கூசுது, சுவரெல்லாம் வேற கலரா தெரியுது"ன்னாரு, நான் பயந்துட்டேன். இது இந்த மருந்துல வர்றதுதான், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள சரியாயிடும், ஆனா அப்ப வண்டி ஓட்ட விடாதீங்க, ராத்திரில ஓட்டவே கூடாது. வெயிலும் ஆகாது, முழுக்கை சட்டை, தொப்பி இல்லாம வெளிய அனுப்பாதீங்க.

வேற என்ன மாத்திரை போடறாங்கன்னு முழு லிஸ்ட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. முக்கியமா டிபி மருந்து ரிஃபாம்பிசின், அது வோரிகோனசோல ரத்தத்துல நிக்கவே விடாது. கொழுப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரைகூட சொல்லுங்க.

முதல் வாரம் பத்து நாள்ல ஸ்கேன்ல புள்ளி பெருசான மாதிரி தெரியலாம், அத மட்டும் பாத்து மருந்து கேக்கலன்னு முடிவு பண்ணாதீங்க. குறைஞ்சது 6லேர்ந்து 12 வாரம் ஓடும், காய்ச்சல் விட்டுச்சேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. இருமும்போது ரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ கண்ணு மஞ்சளானாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அப்பவே கிளம்புங்க, ராத்திரி 2 மணி ஆனாலும் சரி.