தொழிலாளர் இழப்பீட்டு வழக்கறிஞர் கட்டணத்தைப் பிடித்தக் கணக்கிலிருந்து விலக்குவது எப்படி?

அமெரிக்காவில் வேலையில் காயமுற்றவர்களுக்கான மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டையும், சோஷியல் செக்யூரிட்டி என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் இயலாமை உதவித்தொகையையும் ஒருவர் ஒரே காலத்தில் பெற்றால், 1965இல் வந்த சட்டத்தின்படி இரண்டும் சேர்ந்து அவருடைய முந்தைய சராசரி மாத வருமானத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டும் பகுதி பொதுவாக உதவித்தொகையிலிருந்து பிடிக்கப்படும். இழப்பீட்டு வழக்குக்காக வழக்கறிஞருக்குச் சென்ற கட்டணம் தொழிலாளியின் கைக்கு வராத பணம் என்பதால், அதை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதலில் உங்கள் மாநிலத்தைக் கவனியுங்கள். வாஷிங்டன், ஓரிகன், மின்னசோட்டா போன்ற சில மாநிலங்களில் உதவித்தொகைக்குப் பதிலாக இழப்பீடே குறைக்கப்படுவதால், இங்கே சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாவதாக, வாராந்தர இழப்பீட்டுக்குக் கணக்கிடுங்கள். சராசரி மாத வருமானம் 4,000 டாலர் என்றால் உச்சவரம்பு 3,200. உதவித்தொகை 1,800, இழப்பீடு வாரம் 480 என்று வைத்துக்கொள்வோம். வாரத்தொகையை 4⅓ஆல் (ஒரு மாதத்துக்குச் சராசரியாக வரும் வாரங்கள்) பெருக்கினால் மாதம் 2,080 வரும்; கூட்டினால் 3,880, ஆகவே 680 டாலர் பிடிக்கப்பட்டு உதவித்தொகை 1,120 ஆகிவிடும். ஒவ்வொரு வாரமும் 20 விழுக்காடு, அதாவது 96 டாலர், வழக்கறிஞருக்குச் செல்வதை நிரூபித்தால் மாத இழப்பீடு 1,664 ஆகக் குறைந்து, பிடித்தம் 264 மட்டுமே வரும். மாதம் 416 டாலர் என்பது காயமுற்ற ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையே அல்ல.

மூன்றாவது படி மொத்தத் தொகைச் சமரசம், அதாவது வாராவாரம் பெறாமல் ஒரே தடவையில் பணம் பெற்று வழக்கை முடிப்பது. மிகுந்த கவனம் இங்கேதான் தேவை. 60,000 டாலர் சமரசத்தில் கட்டணம் 12,000 போக மீதி 48,000. ஒப்பந்தத்தில் வாரவீதம் எதுவும் எழுதப்படாவிட்டால், சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் பழைய 480 டாலர் வீதத்தையே எடுத்துக்கொண்டு, 100 வாரங்களுக்குப் பிடித்தத்தைத் தொடரலாம். அதே தொகையைத் தொழிலாளியின் எஞ்சிய ஆயுட்காலமான 30 ஆண்டுகளுக்குப் பகிர்வதாக ஒப்பந்தமே கூறினால், மாதத்துக்கு ஏறத்தாழ 133 டாலர்தான் வரும். உதவித்தொகையுடன் கூட்டினாலும் உச்சவரம்பை எட்டாததால் பிடித்தமே இராது. கட்டணத்தை வாரவீதத்திலோ, பகிர்வுக்காலத்தின் தொடக்கத்திலோ, முடிவிலோ கழிக்கலாம். இவற்றில் தொழிலாளிக்கு அதிக நன்மை தருவதையே நிர்வாகம் பின்பற்ற வேண்டும்.

பகிர்வைக் கூறும் இவ்வாசகங்களும் கட்டணத் தொகையும் கையெழுத்தாகும் முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிடித்தத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் பின்னர் திருத்தி எழுதப்படும் ஒப்பந்தத்துக்குத் தான் கட்டுப்பட வேண்டியதில்லை என்று நிர்வாகம் 1997ஆம் ஆண்டின் தீர்ப்புரை ஒன்றில் தெளிவுபடுத்தியுள்ளது.

அடுத்து, இழப்பீட்டு விவரங்களைக் கேட்கும் எஸ்எஸ்ஏ 546 படிவத்துடன் ஒப்பந்தத்தையும், கட்டணத்துக்கு ஒப்புதல் தந்த ஆணையையும் இணைத்து அனுப்புங்கள். இழப்பீட்டு வழக்குக்காக நீங்களே செலுத்திய மருத்துவச் செலவுகளின் ரசீதுகளையும் சேருங்கள். அவையும் விலக்கத் தக்கவை. உதவித்தொகை வழக்கை நடத்தியவரின் கட்டணம் வேறு; அதை இந்தக் கணக்கில் கழிக்க முடியாது.

முடிவுக் கடிதம் வந்ததும் கட்டணம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால், கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள்.