கம்பெனிக்கு வைஃபை போடப் போறீங்களா, பிராண்ட் பேர கேக்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் குடுக்கறதுதான் என் வேலை. போன் பண்றவங்க பத்துல எட்டு பேர் எடுத்தவுடனே கேக்கறது "என்ன பிராண்ட் போடலாம்ங்க?"ன்னுதான். நான் திருப்பிக் கேக்கறது, சீசன்ல உங்க குடோன்ல துணி எவ்ளோ உயரத்துக்கு அடுக்குவீங்க, ஸ்கேனர் வாங்கி எத்தன வருஷம் ஆச்சு, கரண்ட் போனா ஜெனரேட்டர் எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்ன்னு. என்னடா இவன் சம்பந்தமில்லாம கேக்கறான்னு நெனப்பாங்க, ஆனா இந்த மூணுக்கும் பதில் தெரியாம எந்த பிராண்ட் போட்டாலும் காசு வீண்தான்.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில நடந்தத சொல்றேன். புது குடோன் கட்டினதும் டீலர் வந்து சர்வே எடுத்து ஆறு ஆக்சஸ் பாயிண்ட் (சுருக்கமா ஏபி, வைஃபை சிக்னல் குடுக்கற பெட்டி) மாட்டிட்டுப் போயிருக்கார், சிக்னல் எல்லா மூலைலயும் சூப்பரா வந்திருக்கு, ஏன்னா அப்ப குடோன் காலி. நாலு மாசம் கழிச்சு துணி ரோல் பதினாலு அடிக்கு ஏறுச்சு, கடைசி ரெண்டு வரிசைல ஸ்கேனர் சுத்திக்கிட்டே நிக்குது, பேக்கிங்ல ஒரு பையன் பெட்டிய ஸ்கேன் பண்ணிட்டு மெஷின தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு பீப் சத்தம் வர்ற வரைக்கும் அப்படியே நின்னான், நான் என் கண்ணால பாத்தேன். பருத்தி ஈரத்த இழுத்து வெச்சுக்கும், அந்த ஈரம் சிக்னல குடிச்சிரும், இதான் விஷயம். மொதலாளி பிராண்டையே மாத்திடலாம்ன்னு லட்சக்கணக்குல கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தார். ரெண்டு ஏபிய வரிசைக்கு நடுவுல இருக்கற நடைபாதைக்கு மேல நகத்தி, கூட ஒண்ணு சேத்தோம், அவ்ளோதான், சரியாயிடுச்சு.

அதனால மொத வேலை, ஒரு பேப்பர எடுத்துக்கிட்டு நீங்களே ஃபேக்டரிய ஒரு சுத்து சுத்துங்க. கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஆபீஸ்ன்னு எடம் எடமா எழுதி, அங்க எத்தன டிவைஸ், என்ன டிவைஸ், எது ரொம்ப பழசுன்னு குறிச்சுக்கோங்க. அந்த ரொம்ப பழசுதான் உங்க வைஃபைய தீர்மானிக்கும். பழைய ஹேண்ட்ஹெல்ட் ஸ்கேனர் நெறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல மட்டும்தான் ஓடும், அதுல ஒண்ணுக்கொண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணு, பக்கத்து கம்பெனிக்காரரும் அதே மூணுலதான் இருப்பார். சிசிடிவி கேமராவ முடிஞ்ச வரைக்கும் கேபிள்லயே விட்டுருங்க, அதயும் வைஃபைல ஏத்தாதீங்க.

இப்ப பிராண்டுக்கு வரலாம். அடிப்படைல இது காசு எப்படி கட்டறதுங்கற வித்தியாசம். சிஸ்கோ மெராக்கி மாதிரி கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா அந்த பிராண்டோட சர்வர்ல இருந்து ஓடறதுக்கு லைசென்ஸ் கட்டியே ஆகணும், வருஷம் முடிஞ்சா புதுப்பிக்கணும், புதுப்பிக்காம விட்டா கொஞ்ச நாள் டைம் குடுத்துட்டு நெட்வொர்க்கையே நிறுத்தற மாதிரி கூட லைசென்ஸ் முறை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியே இத எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஜூனிப்பர் மிஸ்ட்டும் சந்தா வகைதான். இன்னொரு பக்கம் யூபிக்விட்டியோட யூனிஃபை, டிபி-லிங்க் ஓமாடா, இதுல ஏபிக்கு இவ்ளோன்னு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டாமலே கன்ட்ரோலர (எல்லா ஏபியயும் ஒரே எடத்துல இருந்து பாத்துக்கறது) ஓட்டலாம், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு பிரச்சனைன்னா யார கூப்பிடறதுங்கறதுக்கு பதில் உங்ககிட்டயே இருக்கணும். நடுவுல அருபா, ரக்கஸ். ரெண்டுலயும் கிளவுட் சந்தாவும் இருக்கு, தனி கன்ட்ரோலர் பெட்டி இல்லாம ஏபிங்களே தங்களுக்குள்ள ஒருத்தர தலைவரா வெச்சு ஓடற முறையும் இருக்கு, அருபால இன்ஸ்டன்ட்ன்னு சொல்லுவாங்க, ரக்கஸ்ல அன்லீஷ்டு. இருபது முப்பது ஏபி இருக்கற ஒரே கட்டட ஃபேக்டரிக்கு எனக்குப் புடிச்சது இந்த நடு வகைதான். நாலஞ்சு ஊர்ல யூனிட் இருந்து ஐடிக்கு ஒரே ஆளுன்னா சந்தா கட்டினாலும் கிளவுட் நல்லது, அந்த ஆளு பஸ்ல அலைய வேண்டாம்.

கம்பெனி யார் கைல இருக்குங்கறதயும் பாருங்க. ரக்கஸ 2016ல புரோகேட் வாங்குச்சு, 2017ல அரிஸ் கைக்குப் போச்சு, 2019ல காம்ஸ்கோப்கிட்ட போச்சு. அருபாவ 2015ல ஹெச்பி வாங்குச்சு, அதே வருஷம் ஹெச்பில இருந்து பிரிஞ்சு அருபாவ வெச்சிருக்கற ஹெச்பிஇ 2025 ஜூலைல ஜூனிப்பரையும் வாங்கி முடிச்சிருக்கு, அதாவது அருபாவும் மிஸ்ட்டும் ஒரே வீட்டுக்குள்ள. இதனால பொருள் கெட்டுப் போகாது, ஆனா நீங்க வாங்கற மாடலுக்கு எந்த வருஷம் வரைக்கும் ஃபர்ம்வேர் (உள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் வரும், விற்பனைய எப்ப நிறுத்தறாங்கன்னு மாடல் நம்பரோட கேக்கணும். டீலர் ஸ்டாக்க தள்ளிவிடறதுக்காக முடியப் போற மாடல நல்ல டிஸ்கவுண்ட்ல குடுக்கறது நடக்குது.

கொட்டேஷன் வந்ததும் ஏபி வெலைய மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரே ஷீட்ல போடுங்க, ஏபி, அஞ்சு வருஷ லைசென்ஸ், பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாவே ஏபிக்கு கரண்ட்டும் குடுக்கறது), கேபிள், மாட்டற கூலி, ஸ்பேரா ஒண்ணு ரெண்டு ஏபி, வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட், எல்லாத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. இத போட்டாலே பாதி பேருக்கு முடிவு மாறிடும்.

ஸ்விட்ச்ச பத்தி தனியா சொல்லணும், நெறைய பேர் மாட்டற எடம் இது. பழைய பிஓஇ ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் குடுக்கும், பிஓஇ பிளஸ் 30 வாட். புது வைஃபை 6, வைஃபை 7 ஏபி நெறைய 15.4 வாட்ல போட்டா லைட் எரியும், ஆனா உள்ள சில ரேடியோவ குறைச்சுக்கிட்டு அரை உயிரோட ஓடும், வெளிய பாத்தா தெரியாது. 24 போர்ட் இருக்குன்னு 24 ஏபி மாட்ட முடியாது, ஸ்விட்ச்சோட மொத்த பிஓஇ 370 வாட்டுன்னு வெச்சுக்கோங்க, ஏபி ஒண்ணு 25 வாட் இழுத்தா 14 ஏபியோட தீந்துபோச்சு. கேபிள் 100 மீட்டர் தாண்டக் கூடாது, நீளமான ஷெட்ல இத மறந்துட்டு கடைசில ஒரு ரேக் எக்ஸ்ட்ராவா வைக்க வேண்டி வரும்.

வைஃபை 7 போடலாமான்னு கேப்பீங்க. அதோட பெரிய பலமே 6 கிகாஹெர்ட்ஸ்ல 320 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல். அமெரிக்கால 1200 மெகாஹெர்ட்ஸ் தொறந்து விட்டிருக்காங்க, நம்ம நாட்டுல 2025 மே மாசம் வரைவா வந்து 2026 ஜனவரில உறுதியான விதி 5925ல இருந்து 6425 வரைக்கும், 500 மெகாஹெர்ட்ஸ்தான், அதுலயும் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ள கம்மி பவர்ல. அந்த 500க்குள்ள 320 சேனல் ஒண்ணுதான் உக்காரும். அதனால வெளிநாட்டு டேட்டாஷீட்ல இருக்கற ஸ்பீட காட்டி யாராவது வித்தா நம்பாதீங்க. பார்கோடு அடிக்கற ஃபேக்டரிக்கு நல்ல வைஃபை 6 தாராளமா போதும், மிச்ச காச கேபிளுக்கும் யூபிஎஸ்க்கும் போடுங்க. அப்புறம் பொருளுக்கு இந்தியால டபிள்யூபிசி ஈடிஏ சான்றிதழ் (வயர்லெஸ் பொருளுக்கு மத்திய அரசு குடுக்கற அனுமதி) இருக்கான்னு கேளுங்க, வெளிநாட்டுல இருந்து பைல வந்த ஏபிக்கு இங்க வாரண்டியும் பெரும்பாலும் கெடைக்காது.

இப்ப எல்லாத்தயும் விட முக்கியமானது, டெமோ. ரெண்டு பிராண்ட்ட தேர்ந்தெடுத்து ஒவ்வொண்ணுலயும் மூணு ஏபி ஒரு வாரத்துக்கு கேளுங்க, பெரிய ஆர்டர்ன்னா குடுப்பாங்க. ஆபீஸ் ரூம்ல மாட்ட விடாதீங்க, உங்களுக்கு எது மோசமான எடமோ அங்க, துணி நெறஞ்சிருக்கும்போது, ஷிஃப்ட் ஃபுல்லா ஓடும்போது மாட்டச் சொல்லுங்க. உங்க ரொம்ப பழைய ஸ்கேனர எடுத்து, சர்வருக்கு பிங் (இருக்கியான்னு கேட்டு பதில் வாங்கற சின்ன டெஸ்ட்) ஓட விட்டுட்டு ஒரு ஏபில இருந்து அடுத்த ஏபி வரைக்கும் நடங்க, எத்தன பிங் விழுதுன்னு எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு விழுந்தா பரவால்ல, பத்து விழுந்தா அங்க ஸ்கேனர் பழைய ஏபியவே புடிச்சு தொங்கிட்டிருக்குன்னு அர்த்தம், அத சரி பண்ண எந்த செட்டிங் இருக்குன்னு வந்த இன்ஜினியர உங்க முன்னாடியே பண்ணிக் காட்டச் சொல்லுங்க. சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம்முக்கு கீழ (மைனஸ் 70, 75ன்னு) போகாம இருந்தா வைஃபை காலும் நல்லா பேசலாம்.

அடுத்து ரெண்டு டெஸ்ட், இத டீலர் தானா செஞ்சு காட்ட மாட்டார், நீங்கதான் கேக்கணும். ஒண்ணு, இன்டர்நெட் கேபிள புடுங்குங்க. கிளவுட் ஏபியா இருந்தாலும் உள்ள இருக்கற சர்வரோட ஸ்கேனர் பேசிக்கிட்டே இருக்கணும், புதுசா ஒரு டிவைஸும் சேர முடியணும், இல்லன்னா லைன் கட்டான அன்னைக்கு பேக்கிங் நிக்கும், தூத்துக்குடிக்கு போக வேண்டிய கன்டெய்னர் வாசல்ல நிக்கும். ரெண்டு, மெயின ஆஃப் பண்ணிட்டு ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் பாருங்க, யூபிஎஸ்ல ஸ்விட்ச் நிக்குதா, இல்ல எல்லா ஏபியும் செத்து எழுந்திருக்க அஞ்சாறு நிமிஷம் ஆகுதான்னு.

சப்போர்ட் பத்தி கேக்கும்போது கம்பெனியோட டோல் ஃப்ரீ நம்பர வாங்கிட்டு வந்துராதீங்க. ஏபி செத்தா மாத்து ஏபி எத்தன நாள்ல கைக்கு வரும், வந்து மாட்டப் போற ஆளு கோயமுத்தூர்ல இருக்காரா சென்னைல இருக்காரா, இத கேளுங்க. அதே டீலர்கிட்ட ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ரெண்டு கம்பெனி நம்பர வாங்கி நீங்களே பேசுங்க. போன மாசம் போட்டவங்க நல்லாதான் சொல்லுவாங்க, அது கணக்குல வராது.

லாக், அதாவது நெட்வொர்க்ல என்ன நடந்துச்சுங்கற பதிவு, அந்த விஷயம் ஒண்ணு. 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக் எல்லாம் 180 நாள் இந்தியாலயே வெச்சிருக்கணும். ஏபில இருந்து உங்க சொந்த லாக் சர்வருக்கு அனுப்ப முடியுமான்னு கேட்டுக்கோங்க, பையர் ஆடிட் வரும்போதும் உதவும்.

எல்லாம் முடிஞ்சு பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போது ஒரு வரி சேருங்க, கன்ட்ரோலர் அக்கவுண்ட், கிளவுட் லாகின், லைசென்ஸ் எல்லாம் நம்ம கம்பெனி மெயில் ஐடிலதான் பதிவாகணும்ன்னு. டீலரோட மெயில்ல போட்டுட்டு, அப்புறம் அவரோட மனஸ்தாபமாகி, தன் சொந்த வைஃபை பாஸ்வேர்ட மாத்தறதுக்கு மூணு வாரம் கெஞ்சின ஒரு மேனேஜர எனக்குத் தெரியும். ஏபி மாட்டின அன்னைக்கு சாயங்காலமே அந்த லாகின உங்க கையால ஒருதடவ தொறந்து பாத்துட்டு மிச்ச காசுக்கு செக் குடுங்க.