மார்ஜின் ஓரத்தில் இறுகாத சிலிகான்: என் அனுபவம்

பல்லுக்குப் போடும் கிரவுனுக்கு (உறைக்கு) அடிஷன் சிலிகான் என்ற அச்சுப்பொருளில் அளவெடுத்தால், கெட்டியான புட்டி நன்றாக இறுகியும், சீவிய பகுதி முடியும் விளிம்பான மார்ஜின் ஓரத்து லைட் பாடி (இளகிய சிலிகான்) மட்டும் பிசுபிசுத்தது. காலாவதித் தேதியைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. காரணம் லேடெக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிலிகானை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். புட்டியை வினைல் கையுறையோடுதான் பிசைந்தேன். ஆனால் ஈறை விலக்க வைக்கும் நூலான ரிட்ராக்‌ஷன் கார்டை லேடெக்ஸ் விரலால் உருட்டி வைத்திருந்தேன், கோளாறு அங்கேதான்!

இப்போது பல்லைச் சீவுவதிலிருந்தே வினைல்தான். கார்டை ட்வீசரால் மட்டும் தொடுகிறேன். தற்காலிகக் கிரவுனின் ரெசின் பிசுக்கும் இதே வேலையைச் செய்யும் என்பதால், பல்லைப் பியூமிஸ் பொடியால் தேய்த்து, நீர் பீய்ச்சிக் கழுவி, உலர்த்திய பிறகே லைட் பாடி. புட்டியின் இரு பகுதிகளையும் சம அளவு எடுத்து, நிறக்கோடு மறையும்வரை பிசைய வேண்டும்.

எடுத்த அச்சில் ஸ்டோன் (ஜிப்சம் கலவை) ஊற்ற ஒரு மணி நேரம் பொறுக்கிறேன். ஏனென்றால் சில சிலிகான் வகைகளில் ஹைட்ரஜன் வெளியேறி டையில் (பல்லின் ஸ்டோன் நகலில்) ஊசித்துளை விழும்.