தாயத்தின் பரிமாணத்தை முன்கூட்டியே சரிபார்த்தல்

ஆர் (R) என்னும் புள்ளிவிபரக் கணினி மொழியில் கணிக்கும்போது, பிழைச் செய்தி எதுவும் தராத பிழைக்கே அதிகம் அஞ்ச வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய மூன்று குளங்களின் மாதாந்த மழைவீழ்ச்சி 12 நிரைகளும் 3 நிரல்களும் கொண்ட ஒரு தாயமாக, அதாவது எண்களின் அட்டவணையாக (matrix), இருக்கிறது என்றும், ஒவ்வொரு குளத்தின் அளவுகளிலிருந்தும் அதற்குரிய சராசரியைக் கழிக்க வேண்டும் என்றும் கொள்வோம். மூன்று சராசரிகளையும் ஒரு காவியாக்கி, அதாவது ஒரே வரிசையில் அடுக்கிய எண்களாக்கி (vector), நேரடியாகக் கழித்தால், ஆர் அவற்றை நிரல் வழியே மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அதனால் இரணைமடுவின் ஜனவரி அளவிலிருந்து அதன் சொந்தச் சராசரியும், பெப்ரவரி அளவிலிருந்து முத்தையன்கட்டின் சராசரியும், மார்ச் அளவிலிருந்து வவுனிக்குளத்தின் சராசரியும் கழிபடும். 36 உறுப்புகளை 3 மீதியின்றி வகுப்பதால் எச்சரிக்கைகூட வராது. காவியின் நீளம் தவறுதலாக 5 ஆக இருந்திருந்தால் அதுவாவது கிடைத்திருக்கும்.

ஆகவே, என்கொல் (ncol) தரும் நிரல் எண்ணிக்கையும் லெங்த் (length) தரும் காவியின் நீளமும் சமம் என்ற நிபந்தனையை ஸ்டொப்இஃப்நொட் (stopifnot) சார்புக்குள் முதலில் எழுதுங்கள். பொருந்தாவிடில் இயக்கம் அங்கேயே நின்றுவிடும். பின்னர் ஸ்வீப் (sweep) சார்பில் விளிம்பை (MARGIN) 2 எனக் கொடுத்து, அதாவது நிரல்வாரியாக, சராசரிகளைக் கழியுங்கள். எண்ணிக்கை பொருந்தியும் குளங்களின் ஒழுங்கு மாறியிருக்கலாம் என்பதால், நிரற்பெயர்களைக் காவியின் பெயர்களோடு ஐடென்டிகல் (identical) கொண்டு ஒப்பிடுவதையும் நான் தவிர்ப்பதில்லை.

ஒரு குளத்தை மட்டும் தெரிவுசெய்தால் தாயம் வெறுங் காவியாகச் சுருங்கி, பரிமாணத்தைச் சொல்லும் டிம் (dim) சார்பு நல் (NULL), அதாவது எதுவுமில்லை, என்று விடை தரும். தெரிவுசெய்யும் சதுர அடைப்புக்குள் டிராப் (drop) என்பதை ஃபோல்ஸ் (FALSE) ஆக்கினால் 12க்கு 1 என்ற வடிவம் நிலைக்கும். இரு தாயங்களைப் பெருக்கும்போது இவ்வளவு கவலை வேண்டியதில்லை; முதலாவதன் நிரல்களும் இரண்டாவதன் நிரைகளும் எண்ணிக்கையில் ஒவ்வாவிடில் ஆர் தானே மறுத்துவிடும்.