ஒரே ஒரு காட்சி: உலகப் பட விழாவில் ஒரு படத்தைப் பிழையில்லாமல் திரையேற்ற

உலக சினிமா விழாவில் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு காட்சி, மிஞ்சினால் இரண்டு. வாரக்கணக்கில் ஓடும் படத்துக்கு முதல் காட்சியில் ஒலி சரியில்லை என்றால் அடுத்த காட்சிக்குள் சரிசெய்துவிடலாம். விழாவில் அது நடக்காது. ஈரானிலிருந்தோ செனகலிலிருந்தோ வந்த படத்தைப் பெரிய திரையில் பார்க்க அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதனால் விழாக்குழுவின் வேலையில் பெரும்பகுதி அரங்கின் கதவு திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

படம் கேட்கும்போதே கேட்டு வைக்க வேண்டியவை

உள்ளூர் ரசிகர்களுக்காக நடக்கும் விழாக்கள் பெரும்பாலும் வேறு விழாக்களில் முதல் காட்சி கண்ட படங்களைத்தான் கொண்டுவருகின்றன. 1976-இல் டொரண்டோ விழா தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே 'விழாக்களின் விழா'. பெர்லின் பிப்ரவரியில், கான் மே மாதத்தில், லொகார்னோ ஆகஸ்டில், வெனிஸ் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை. ஆண்டுக் கடைசியில் விழா வைப்பவர்கள் இந்த நான்கு பட்டியல்களையும் பார்த்துத் தேர்வு செய்ய முடியும். ஆண்டுத் தொடக்கத்தில் வைத்தால் அந்தப் படங்களில் சில அதற்குள் விநியோகஸ்தர் கைக்குப் போயிருக்கும். ஆகவே விற்பனை முகவருக்கு, அதாவது தயாரிப்பாளர் சார்பில் படத்தின் உரிமையை விற்பவருக்கு, எழுதும் முதல் கடிதத்திலேயே எங்கள் நாட்டு உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். தவறான ஆளிடம் பேசியே ஒரு மாதம் போய்விடுவது இந்த வேலையில் சாதாரணம்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை காட்சிகள், எந்தத் தேதிகள், அரங்கில் எத்தனை இருக்கைகள், திரையிடல் கட்டணம் எவ்வளவு, படம் எந்த வடிவில் வரும், சப்டைட்டில் எந்த மொழியில், படம் பதிந்து வரும் டிஸ்க்கின் போக்குவரத்துச் செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தேர்வுக்குழு பார்த்த இணைய இணைப்பில் 118 நிமிடம் ஓடிய படம், திரையிட வரும் பதிப்பில் 112 நிமிடமாக இருக்கலாம். நேர அட்டவணை அச்சுக்குப் போகும் முன் திரையிடும் பதிப்பின் நீளத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தணிக்கை விலக்கு பெறும் முறை நாட்டுக்கு நாடு மாறும். எங்கே என்றாலும் படப் பட்டியலையும் கதைச் சுருக்கத்தையும் நேரத்தோடு கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

அட்டவணை போடும்போது படத்தின் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இரண்டாம் நாளே தடுமாறுவார்கள். 112 நிமிடப் படம் என்றால் அறிமுகத்துக்கு 5, இயக்குநருடன் கேள்வி பதிலுக்கு 20, அரங்கு காலியாக 10, அடுத்த கூட்டம் உட்கார 20. மொத்தம் 167 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். காலைக் காட்சியில் 15 நிமிடம் பிந்தினால் இரவுக் காட்சிக்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். மதியத்தில் ஒரு இடைவெளியை வேண்டுமென்றே அரை மணி நேரம் பெரிதாக விட்டுவிடுங்கள். சேர்ந்த தாமதமெல்லாம் அங்கே கரையும்.

டிசிபி வந்ததும்

டிசிபி என்பது திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் படத் தொகுப்பு. அது ஒரே கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர். படம் தனிக் கோப்பு, ஒலி தனிக் கோப்பு, எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்று சர்வருக்கு, அதாவது அரங்கில் படத்தை ஓட்டும் கணினிக்கு, சொல்லும் சிறிய எக்ஸ்எம்எல் கோப்புகள் சில. உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலும் சர்வர் படத்தை எடுத்துக்கொள்ளாது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது.

படத்தை இணையத்தில் இறக்குவதானால் முதலில் கணக்குப் பாருங்கள். 150 ஜிபி படம் 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தடங்கலே இல்லாமல் இறங்கினாலும், 3 மணி 20 நிமிடம் ஆகும். 40 படங்களுக்கு ஐந்தரை நாளுக்கும் மேல், இரவு பகலாக. பிறகு சர்வரில் ஏற்ற வேண்டும். பழைய யூஎஸ்பி 2 வழியாக நொடிக்கு ஏறத்தாழ 30 எம்பிதான் போகும். அதே படத்துக்கு 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். சர்வர் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்துக்கொண்டே ஏற்றும். ஓரிடத்தில் பழுது இருந்தாலும் கடைசியில் பிழை காட்டி நிறுத்திவிடும். காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு டிஸ்க்கைக் கையில் எடுத்தால் மறுபடி ஏற்ற நேரம் இருக்காது.

டிஸ்க்கையே சர்வர் அடையாளம் காணவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஃபார்மேட். சர்வர்கள் லினக்ஸில் ஓடுபவை. இஎக்ஸ்டி2 அல்லது இஎக்ஸ்டி3 ஃபார்மேட் பாதுகாப்பானது. மேக் ஃபார்மேட்டில் அனுப்பப்பட்ட டிஸ்க்கைச் சர்வர் படிக்காது, வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துத்தான் ஏற்ற வேண்டும். யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய டிஸ்க்குகள் பழைய சர்வரில் சுழல ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடும். டிஸ்க்கைச் செருகி வைக்க, தனி மின்இணைப்பு உள்ள ஒரு டாக் கைவசம் இருக்கட்டும்.

ஏற்றும் முன் டிசிபியின் பெயரைப் படியுங்கள். இடையிடையே அடிக்கோடு போட்ட அந்த நீளமான பெயரில் பாதி விஷயம் இருக்கிறது. எஃப்டிஆர் என்றால் முழுநீளப் படம். அடுத்து எஃப் என்று வந்தால் ஃபிளாட், எஸ் என்று வந்தால் ஸ்கோப்; இவை படச் சட்டத்தின் அகல உயர அளவுகள். ஃபிளாட் 1.85 விகிதம், ஸ்கோப் 2.39. எஃப்-133 என்றிருந்தால் பழைய சதுரமான படம், ஃபிளாட் சட்டத்துக்குள் இருபுறமும் கறுப்பு விட்டு வைத்தது. இதைக் கவனிக்காத ஆபரேட்டர் பக்கக் கறுப்பைப் பார்த்து ஏதோ கோளாறு என்று நினைத்து லென்ஸை மாற்றப் போவார். பிறகு மொழி. எஃப்ஏ-இஎன் என்றால் பேச்சு பாரசீகம், சப்டைட்டில் ஆங்கிலம். சப்டைட்டில் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் சப்டைட்டிலே இல்லை, அன்றே முகவருக்கு எழுத வேண்டும். கடைசியில் ஓவி அல்லது விஎஃப் என்று வரும். ஓவி முழுப் படம். விஎஃப் என்பது அந்தப் படத்தின் மேல் ஏறும் கூடுதல் பகுதி, அநேகமாக சப்டைட்டில் மட்டும். ஓவி சர்வரில் இல்லாமல் விஎஃப் ஓடாது. இடம் போதவில்லை என்று ஓவியை அழித்துவிட்டு, விஎஃப் பட்டியலில் தெரிகிறதே என்று நிம்மதியாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கேடிஎம் என்னும் சாவி

பூட்டி வரும் படத்துக்குச் சாவி கேடிஎம். மின்னஞ்சலில் வரும் சின்னக் கோப்பு. ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு, குறித்த நேரத்திலிருந்து குறித்த நேரம் வரை மட்டும் திறக்கும். இந்த மூன்றில் எது பிசகினாலும் திரை இருட்டுதான்.

கேடிஎம் கேட்கும்போது சர்வர் எண்ணைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்து அனுப்பாதீர்கள். போன ஆண்டு விழாவுக்குப் பிறகு அரங்கில் மீடியா பிளாக்கை, அதாவது படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டும் பகுதியை, மாற்றியிருந்தால் அந்தச் சாவி சேராது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு ஆபரேட்டரிடமிருந்து சர்வரின் சான்றிதழ்க் கோப்பை நேரடியாகப் புதிதாக வாங்குங்கள். மாற்று அரங்கு ஒன்றுக்கும் சேர்த்தே கேடிஎம் கேளுங்கள். கடைசி நாளில் அரங்கு மாற்ற நேர்ந்தால் அதுதான் காப்பாற்றும். சப்டைட்டில் திருத்தி முகவர் புதிய டிசிபி அனுப்பினால், பழைய கேடிஎம் அதற்குப் பொருந்தாது. புதியது கேட்க வேண்டும்.

நேரத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். கேடிஎம் தயாரிப்பவர் வேறு கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு தன் ஊர் மணியைப் போட்டுவிடுவார். மாலை 6 மணிக் காட்சிக்கு இரவு 10 மணிக்குத் திறக்கும் சாவி வரும். கேட்கும்போதே உலகப் பொது நேரமான யூடிசிக்கும் உங்கள் ஊர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பிடுங்கள். முதல் காட்சிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கி, கடைசிக் காட்சிக்கு மறுநாள் முடியும்படி கேளுங்கள். அந்த மூன்று நாள் இல்லையென்றால் படத்தை ஒத்திகை பார்க்கவே முடியாது. காட்சி நாள் மட்டும் போதும் என்று சொல்லும் முகவரிடம் காரணத்தை விளக்கி வற்புறுத்துங்கள், பெரும்பாலும் இணங்குவார்கள்.

சப்டைட்டில்

உள்ளூர் ரசிகர்களுக்கும் உலகப் படத்துக்கும் நடுவே நிற்பது இந்த இரண்டு வரிகள்தான். இதற்கு எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்.

படத்தோடு வரும் ஆங்கில சப்டைட்டிலுக்குக் கீழே உள்ளூர் மொழியில் இன்னொரு வரி வேண்டுமானால், தனிக் கணினி, தனிப் புரொஜெக்டர், திரைக்கு அடியில் நீளமான ஒரு வெள்ளைப் பட்டை என்று செய்யும் முறை பல விழாக்களில் உண்டு. முன்வரிசைத் தலைகள் மறைக்காத உயரத்தில் பட்டை இருக்க வேண்டும். ஒருவர் படம் முழுக்க உட்கார்ந்து வரியைத் தள்ளுவார். அவர் படத்தை ஒருமுறையாவது முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். நமக்குத் தெரியாத மொழியில் இருவர் ஒரே மூச்சில் சண்டை போடும் காட்சியில் எந்த வரி யாருடையது என்று இருட்டில் கண்டுபிடிக்க முடியாது.

வரிகளைத் தானாக ஓட்டுவதானால் நேரக்குறி பொருந்த வேண்டும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால், மொத்தத்தையும் அத்தனை நொடி நகர்த்தினால் போதும். முதலில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் வேறு: நொடிக்கு 25 ஃபிரேம் பதிப்புக்குச் செய்த வரிகளை 24 ஃபிரேம் படத்துக்குப் போட்டிருக்கிறார்கள். 90 நிமிடப் படத்தின் முடிவில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். வேகத்தை மாற்றிக் கணக்கிட்டால் ஒரே அடியில் சரியாகும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று தாவினால் காட்சி வெட்டப்பட்ட வேறு பதிப்பு அது. அங்கிருந்து கையால் திருத்த வேண்டியதுதான்.

தமிழ் வரிகளை டிசிபிக்குள்ளேயே வைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத சர்வர்கள் நிறைய உண்டு. 'கொடு' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி, துணையெழுத்து தனியே தொங்கும். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்தது எதற்கும் சாட்சி இல்லை. ஒவ்வொரு வரியையும் பிஎன்ஜி படமாக மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை வராது. மொழிபெயர்க்கும்போது இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். ஒரு வரி குறைந்தது ஒரு நொடியாவது திரையில் நிற்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வசனத்தை அப்படியே கொண்டுவரப் பார்த்தால் வாசகர் வரியை மட்டும் படித்துவிட்டு நடிகரின் முகத்தைத் தவறவிடுவார். சுருக்குங்கள்.

ஒத்திகை

ஒரு படத்துக்கு 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் மூன்று நிமிடம், நடுவில் பேச்சு மிகுந்த ஒரு காட்சி, ஒலி மிகுந்த ஒரு காட்சி, கடைசி மூன்று நிமிடம். ஆபரேட்டர் அறையில் நின்று பார்க்காமல் அரங்கின் நடுவில் உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்கோப் படத்தை ஃபிளாட் அமைப்பில் போட்டாலோ, திரையின் ஓரங்களை மறைக்கும் கறுப்புச் சீலை சரியான இடத்துக்கு வராவிட்டாலோ முதலில் வெட்டுப்படுவது சப்டைட்டில்தான். எழுத்தின் அடிப்பகுதி கறுப்பில் மறைகிறதா என்று பாருங்கள். படம் மங்கலாக இருந்தால், 3டி காட்சிக்கு வைத்த ஃபில்டரை லென்ஸ் முன்னாலிருந்து எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். வயதான விளக்கில் அது பாதியாகக்கூட இறங்கியிருக்கும்.

ஒலியில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. நடு ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் பேச்சு அமுங்கிப்போகும். நம் மொழிப் படமென்றால் அரங்கே சத்தம் போடும். தெரியாத மொழியில் எல்லோரும் வரியைப் படித்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் உறைக்காது, இயக்குநர் ஒருவர் மட்டும் துடிப்பார். ஐந்து ஸ்பீக்கர்களையும் தினமும் காலையில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒலி அளவு இன்னொன்று. டால்பி கருவியில் 7 என்ற அளவுக்கு வைத்துத்தான் படங்களுக்கு ஒலி சேர்க்கிறார்கள். விளம்பரங்களின் இரைச்சலுக்குப் பயந்து அரங்குகள் 4, 5-இல் வைத்திருக்கும். மௌனமும் காற்றும் மழையும்தான் பேச்சு என்று எடுக்கப்பட்ட படம் அந்த அளவில் செத்துவிடும். 7-இல் தொடங்கி, காது உறுத்தினால் மட்டும் குறையுங்கள். படத்துக்குப் படம் எந்த எண் என்று எழுதி ஆபரேட்டர் அறையில் ஒட்டுங்கள்.

டிசிபிக்குப் பதிலாக 35 மிமீ ஃபிலிம் பிரதி வந்தால் அதற்குத் தனி ஒழுங்கு. ஆவணக் காப்பகங்கள் பிரதியை ஒட்டி ஒரே சுருளாக்க அனுமதிப்பதில்லை. இரண்டு புரொஜெக்டர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு ரீல், படத்தின் வலது மேல் மூலையில் வரும் புள்ளியைப் பார்த்து மாற்றும் ஆபரேட்டர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பிரதியை வரவழைக்க வேண்டாம்.

காட்சி நடக்கும்போதும் பிறகும்

விழாக்குழுவில் ஒருவர் கடைசி வரிசையில், வாசல் பக்கம், முதல் பத்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபரேட்டர் அறையின் எண் அவர் கையில் இருக்கட்டும். கோளாறு தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாம் நிமிடத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் ஒருவரும் வருத்தப்படமாட்டார்கள், இருபதாவது நிமிடத்தில் நிறுத்தினால் படமே கலைந்துவிடும். பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள்.

கடைசிக் காட்சி முடிந்த இரவே டிஸ்க்கை அதன் பெட்டியில், அதன் கேபிளோடு வைத்து, பெட்டியின் மேல் படத்தின் பெயரைப் பெரிதாக எழுதி, மறுநாள் காலை அனுப்பிவிடுங்கள். பெட்டி மாறிப் போன டிஸ்க்கைத் தேடுவது எளிதல்ல. அதே டிஸ்க்குக்காக அடுத்த நாட்டில் இன்னொரு விழாக்குழு காத்திருக்கும். அவர்களுக்கும் அந்தப் படத்துக்கு இருப்பது ஒரே காட்சிதான்.